பண்டிதை இரமாபாய் அம்மையாரும் ஞானஸ்நானத்தின் மூன்று வாக்குகளும்

நூற்றாண்டு மலரிலே பாடசாலையின் அதிபர்களையும் ஆசிரியைகளையும் நினைவுகூருவதே வழமை. நாமோ இங்கே எம் பாடசாலைக்கு ஒருநாளும் வந்திராத ஒருவரைப் பற்றி எழுத முன்வந்துள்ளோம். அவர் பண்டிதை இரமாபாய் அம்மையார். மராத்தி பேசும் குடும்பத்திலே பிறந்து, 1922 ஆம் ஆண்டிலே காலமானவர். சமயபாட வகுப்பிலோ காலைக் கூட்டத்திலோ அவருடைய பெயரைக் கேட்டவர்கள் எம்மில் இருப்பர். இளம் விதவைகளுக்கு இல்லம் அமைத்தவர், பஞ்சகாலத்திலே பெண்பிள்ளைகளைக் காத்தவர் என்ற அளவில் அவரை அறிந்திருப்போம். அவர் பெற்ற ஞானஸ்நானத்தைப் பற்றியும், அதன் பொருளை அறிந்துகொள்ள அவர் பட்ட பாட்டைப் பற்றியும் நாம் அதிகம் பேசிக்கொண்டதில்லை.

எம் சங்கத்திலே கிறிஸ்தவரும் சைவரும் அன்றுதொட்டு ஒன்றாகவே இருந்து வருகின்றோம். கிறிஸ்தவர்களான எம்மிற் பெரும்பாலோர் கைக்குழந்தைகளாக ஞானஸ்நானம் பெற்றவர்கள். ஞானத்தாயும் ஞானத்தந்தையும் எமக்காக மூன்று வாக்குகளைக் கொடுத்தனர். தீமையை விட்டுவிடுதல், விசுவாசப் பிரமாணத்தை நம்புதல், கடவுளின் சித்தத்துக்குக் கீழ்ப்படிந்து நடத்தல் என்பனவே அவை. திடப்படுத்தல் வகுப்பிலே அவற்றை மனனஞ் செய்து ஒப்புவித்தோம். பின்னர் படிப்பு, தொழில், திருமணம், இடப்பெயர்வு என்று வாழ்க்கை எம்மை வெவ்வேறு திசைகளுக்குக் கொண்டுபோயிற்று. இரமாபாய் அம்மையாரோ இருபத்தைந்து வயதிலே தம் வாயினாலேயே அவ்வாக்குகளைக் கொடுத்தவர். எதை விடுவது, எதை நம்புவது, யாருக்குக் கீழ்ப்படிவது என்ற மூன்று கேள்விகளும் அதன் பின்னர் அவரை விட்டு நீங்கவேயில்லை.

பயணத்திலே வளர்ந்த பிள்ளை

அவர் 1858 ஏப்பிரல் 23 ஆம் நாள் மேற்குத் தொடர்ச்சி மலையிலுள்ள கங்காமூலம் என்னும் காட்டிடத்திலே பிறந்தார். தந்தையார் அனந்த சாஸ்திரி டோங்ரே வடமொழியிற் பெரும் புலமை வாய்ந்த பிராமணர். பெண்களுக்கும் வடமொழி கற்பிக்கலாம் என்பது அவருடைய கொள்கை. தம் இளம் மனைவி இலக்குமிபாய்க்குக் கற்பிக்கத் தொடங்கியபோது எதிர்ப்பு மூண்டது. அவர் பண்டிதர்களுடன் நூல் ஆதாரங் காட்டி வாதாடினார். கற்பித்தலைக் கைவிடாமல், ஊரைவிட்டுக் காட்டிலே குடியேறினார். அந்தத் தாயாரே பின்னர் தம் கடைக்குட்டியான இரமாவுக்கு ஆசிரியையானார்.

இரமா பிறந்து சில மாதங்களிலேயே குடும்பம் தலயாத்திரை புறப்பட்டது. அதன்பின் அவர்களுக்கு நிலையான வீடு இருக்கவில்லை. கோயில் கோயிலாகச் சென்று புராணம் படிப்பதும், கேட்போர் கொடுப்பதைக் கொண்டு சீவிப்பதுமே வாழ்க்கையாயிற்று. நடந்த வழியெல்லாம் அப்பிள்ளைக்குப் பாடசாலை. பாகவத புராணத்தின் பதினெண்ணாயிரம் சுலோகங்களையும் இளமையிலேயே மனப்பாடமாக்கினார்.

பஞ்சம் வந்தபோது புராணம் கேட்பாருமில்லை, பிடி அரிசி கொடுப்பாருமில்லை. கூலிவேலை செய்து பழகாத குடும்பம் அது. பிச்சையெடுக்கவும் மனம் ஒப்பவில்லை. 1874 ஆம் ஆண்டிலே தந்தையார் இறந்தார். சில மாதங்களுக்குள் தாயாரும் பின்னர் மூத்த சகோதரியும் மறைந்தனர். பதினாறு வயது இரமாவும் அண்ணன் சீனிவாசனும் மட்டுமே மிஞ்சினர். இருவரும் ஆயிரக்கணக்கான மைல்கள் கால்நடையாகவே அலைந்து, 1878 இலே கல்கத்தாவை அடைந்தனர். பசியென்றால் என்ன என்பதை அம்மையார் ஏட்டிலே படித்து அறிந்தவரல்லர். பின்னாளில் அவர் செய்தவற்றை விளங்கிக்கொள்ள இதை மறவாதிருத்தல் வேண்டும்.

கல்கத்தாவிலே பண்டிதர்கள் அவரைச் சோதித்து வியந்து, பண்டிதை என்றும் சரஸ்வதி என்றும் பட்டங்கள் அளித்தனர். பெண்களுக்கு அவர்களுடைய கடமைகளைச் சாத்திரங்களிலிருந்து எடுத்துரைக்குமாறு கேட்கப்பட்டதால், தரும நூல்களை ஆழ்ந்து படித்தார். படிக்கப் படிக்க மனம் சோர்ந்தது. எத்தனையோ விடயங்களில் மாறுபடும் அந்நூல்கள், பெண்ணையும் சூத்திரரையும் தாழ்த்துவதில் மட்டும் ஒத்துப்போவதாக அவருக்குத் தோன்றியது. காரைக்கால் அம்மையாரின் கதை கேட்டும் ஆண்டாளின் பாசுரம் பாடியும் வளர்ந்தவர்கள், இதுவே இந்து சமயத்தின் முழுக் குரலென்று கொள்ள மாட்டோம். ஆயினும், கற்றறிந்த ஒரு பெண் தான் கற்ற நூல்களிலே தனக்கு இடம் இல்லையென்று கண்ட வேதனையை எம்மால் உணர முடியும்.

1880 இலே அண்ணனும் இறந்தார். அதே ஆண்டிலே வங்காளத்தைச் சேர்ந்த சட்டத்தரணி பிபின் பிகாரி தாஸ் மேதாவியை அம்மையார் மணந்தார். அவர் பிராமணரல்லர், சாதி கடந்த பதிவுத் திருமணம் அது. 1881 இலே மனோரமா பிறந்தாள். அசாமிலுள்ள சில்சாரிலே, கணவரின் புத்தகங்களுக்கிடையே வங்காள மொழியிலான லூக்கா சுவிசேஷம் ஒன்று அவர் கையில் அகப்பட்டது. அதைப் படித்தார். பப்திஸ்த ஊழியர் ஒருவரிடம் விளக்கமும் கேட்டார். கிறிஸ்தவராகும் எண்ணம் எழுந்தபோது கணவருக்கு அது பிடிக்கவில்லை. 1882 பெப்ரவரியிலே கணவர் வாந்திபேதி கண்டு காலமானார். இரமாபாய் அம்மையாருக்கு அப்போது இருபத்துமூன்று வயது. கையிலே பத்து மாதக் குழந்தை.

வான்ரேஜ் ஆலயத்திலே

இளம் விதவையாகப் பூனாவுக்கு வந்தவர் மூலையிலே ஒடுங்கவில்லை. ஆரிய மகளிர் சமாஜம் என்ற பெண்கள் சங்கத்தை நிறுவினார். 1882 இலே அரசாங்கத்தின் கல்வி ஆணைக்குழு முன் தோன்றி, பெண்களுக்குப் பெண் ஆசிரியர்களும் பெண் வைத்தியர்களும் தேவையென்று சாட்சியளித்தார். தாமே வைத்தியம் கற்க விரும்பினார். மராத்தியில் எழுதிய ஸ்திரீ தர்ம நீதி என்ற நூலின் வருவாயைக் கொண்டு, 1883 இலே குழந்தையோடும் ஒரு தோழியோடும் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். கிறிஸ்தவத்தைத் தழுவுவது அப்போது அவருடைய நோக்கமாக இருக்கவில்லை. தம் நாட்டவருக்கு அதைச் சொல்லிவிட்டே சென்றார்.

வான்ரேஜ் என்னும் ஊரிலே, தூய கன்னி மரியாளின் பெயரால் அமைந்த ஆங்கிலிக்கன் கன்னியர் மடத்தில் அவர்கள் தங்கினர். அங்கே நடந்தவை எல்லாம் ஒளிமயமானவையல்ல. உடன் வந்த தோழி, தன்னைக் கட்டாயமாக மதம் மாற்றிவிடுவார்களோ என்ற அச்சத்திலே மனங்கலங்கி, தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டாள். இத்துயரத்தை அம்மையாரின் வரலாற்றிலிருந்து விலக்கிவிட நாம் விரும்பவில்லை. அவரவர் மனச்சாட்சியின்மேல் பிறர் கைவைத்தலாகாது என்பதில் அவர் பிற்காலத்திலே காட்டிய பிடிவாதத்தை இதனோடு சேர்த்தே நாம் படிக்கின்றோம்.

அம்மையாரின் மனத்தைத் திருப்பியது விவாதமன்று, ஒரு காட்சி. லண்டனிலே புல்ஹாம் பகுதியில் அக்கன்னியர் நடத்திய இல்லத்துக்கு அவரை அழைத்துச் சென்றனர். வழிதவறியவர்கள் என்று உலகம் ஒதுக்கிய பெண்களை அங்கே அன்போடு வைத்துப் பராமரித்தனர். அப்படிப்பட்ட பெண்ணுக்குத் தண்டனையையே விதித்த நூல்களைப் படித்தவர் அவர். ஏன் இவ்வாறு செய்கிறீர்கள் என்று வினவினார். விடையாக ஒரு சகோதரி, கிணற்றடியிலே இயேசு சமாரியப் பெண்ணோடு உரையாடிய வரலாற்றை யோவான் சுவிசேஷத்திலிருந்து வாசித்துக் காட்டினார். தாம் தேடிய மீட்பர் இவரே என்ற எண்ணம் அவருக்குள்ளே வேரூன்றியது.

1883 செப்ரெம்பர் 29 ஆம் நாள், வான்ரேஜ் ஆலயத்திலே தாயும் மகளும் ஒன்றாக ஞானஸ்நானம் பெற்றனர். மனோரமாவுக்கு இரண்டரை வயது. தாய் தன் வாயினால் வாக்குக் கொடுத்தார். பிள்ளைக்காகப் பிறர் வாக்குக் கொடுத்தனர். எம்மில் அனேகர் வந்த வழி பிள்ளையினுடையது. அன்று ஞானத்தாயாக நின்ற சகோதரி ஜெரால்டின் அவரைத் தம் பிள்ளையாகவே பாவித்தார். செய்தி இந்தியாவை எட்டியதும் பூனாவிலே பெருங் கோபம் எழுந்தது. அவரைச் சரஸ்வதி என்று போற்றியவர்களே துரோகியென்று தூற்றினர்.

எதை விடுவது?

முதலாவது வாக்கு, விட்டுவிடுதல். ஞானஸ்நானம் பெற்ற இந்தியப் பெண் ஆங்கிலப் பெண்ணாக மாறிவிடுவாள் என்று எதிர்பார்த்தோர் அக்காலத்திலே இருந்தனர். அம்மையார் சேலையை விடவில்லை. மரக்கறி உணவையும் விடவில்லை. முட்டை கலந்த பண்டத்தையும் தொடமாட்டார். இதிலே பழைய சாதிச் செருக்கு எஞ்சியிருக்கின்றது என்று ஞானத்தாயார் ஐயுற்றார். பூர்வீகத்தவர் உண்ட உணவைத் தாமும் உண்பது கிறிஸ்துவுக்கு விரோதமாகாது என்பதே அம்மையாரின் நிலை. அணியும் சிலுவையிலே இலத்தீன் வாசகம் இருப்பதையும் அவர் விரும்பவில்லை. தமக்கும் தம் மக்களுக்கும் தெரியாத இலத்தீனிலும் வடமொழி எந்த வகையிலே தாழ்ந்தது என்று கேட்டார்.

உணவும் உடையும் மொழியும் அவர் விட்டவற்றுள் இல்லை. பெண்ணைத் தாழ்த்தும் போதனையையும், சாதிப் பெருமையையும், பட்டமும் புகழும் தரும் பாதுகாப்பையுமே அவர் விட்டார். எம் முன்னோரிலும் சிலர் ஞானஸ்நானத்தோடு தமிழ்ப் பெயரையும் பொட்டையும் பண்ணிசையையும் விட்டனர். சாதியை மட்டும் ஆலயத்து வாங்குவரை கொண்டுவந்தனர். அம்மையார் பிரித்துப் பார்த்த விதத்தை எம் பக்கத்து வரலாற்றோடு ஒப்பிட்டால், எது கடினமான துறவு என்பது விளங்கும்.

எதை நம்புவது? யாருக்குக் கீழ்ப்படிவது?

1884 இலே அவர் செல்ரன்ஹாம் பெண்கள் கல்லூரிக்குச் சென்றார். செவிப்புலன் குறைந்தமையால் வைத்தியப் படிப்பு கைகூடவில்லை. அங்கே தாமும் கற்று, வடமொழியும் கற்பித்தார். அதிபராக இருந்த டொரத்தியா பீல் அம்மையார் பெண்கல்வி வரலாற்றிலே பெரும் பெயர் பெற்றவர். கேள்வி கேட்கும் மாணவியைக் கண்டு அவர் அஞ்சவில்லை. இரமாபாய் அம்மையார் எழுப்பிய கேள்விகளோ எளியவையல்ல. திரியேகக் கோட்பாடு, கிறிஸ்துவின் தெய்வீகம், கன்னிப் பிறப்பு ஆகியவற்றை வேதாகமத்திலே தாமே தேடிக் காணுமட்டும், சபை சொல்கின்றது என்பதற்காக மட்டும் ஏற்க அவர் மறுத்தார்.

சகோதரி ஜெரால்டினுக்கு இது தாங்கமுடியாத வேதனை. ஞானஸ்நானத்திலே விசுவாசப் பிரமாணத்தை ஏற்றவர் இப்போது தம் அறிவையே நீதிபதியாக வைப்பது அகந்தையென்று அவர் கருதினார். அவரை வெறும் பிடிவாதக்காரியாக நாம் காணலாகாது. தம் ஞானப்பிள்ளை வழிதவறிவிடுவாளோ என்று மெய்யாகவே அஞ்சியவர் அவர். இருவருக்குமிடையே கடிதங்கள் பறந்தன. அக்கடிதங்கள் இன்று நூலாகவும் கிடைக்கின்றன. இந்தியாவிலே குருமாரின் நுகத்திலிருந்து பெரும்பாடு பட்டு வெளிவந்தவர் தாம் என்றும், அதேபோன்ற இன்னொரு நுகத்துக்குக் கழுத்தைக் கொடுக்க இயலாதென்றும் அம்மையார் விளக்கினார். தாம் ஞானஸ்நானம் பெற்றது கிறிஸ்துவின் பொதுவான சபைக்குள்ளே. இங்கிலாந்துத் திருச்சபைக்குள் மட்டுமன்று என்பது அவர் கொண்ட கருத்து.

கீழ்ப்படிதல் பற்றிய பூசலும் அங்கேயே மூண்டது. அம்மையார் ஆண் மாணவருக்கும் பாடஞ் சொல்லிக்கொடுக்கும் யோசனை எழுந்தபோது, லாகூர் பேராயரும் பம்பாய்ப் பேராயரும் அதனைத் தகாதென்றனர். இந்தியாவுக்குத் திரும்பும்போது அது அவருடைய பெயரைக் கெடுக்குமென்பது அவர்கள் சொன்ன காரணம். ஆண்கள் நிறைந்த சபைகளிலே வடமொழியிற் பேசி வந்த பெண்ணுக்கு அது வியப்பாகவும் அவமதிப்பாகவும் இருந்தது. பெண்ணுக்குக் கற்பித்த குற்றத்துக்காகக் காட்டுக்குப் போன தந்தையின் மகள், பெண்ணென்பதற்காகக் கற்பித்தலை விட்டுவிடுவாரா? அவர் இணங்கவில்லை.

இப்பூசல்களிலே யார் சரி, யார் பிழை என்று தீர்ப்பளிப்பது எம் வேலையன்று. ஆனால் ஒன்று தெளிவு. ஐயங்கள் இருந்தபோதும் அவர் ஞானஸ்நானத்தைத் தூக்கியெறியவில்லை. வாக்குக் கொடுத்துவிட்டோம் என்பதற்காக ஐயங்களை மூடிமறைக்கவுமில்லை. தொடர்ந்து வேதத்தை வாசித்தார், தொடர்ந்து ஜெபித்தார். முன்னர் ஐயுற்றவற்றுட் பலவற்றைப் பின்னாளிலே தாமாகவே ஏற்றார். 1891 ஆம் ஆண்டளவிலே அவருடைய ஆன்மீக வாழ்விலே பெரிய மாற்றம் ஏற்பட்டது. இதுவரை தமக்குக் கிடைத்தது கிறிஸ்தவ சமயமே, கிறிஸ்துவல்ல என்று அவர் உணர்ந்தார். ஞானஸ்நானம் பெற்று எட்டு ஆண்டுகள் சென்றபின்னரே, தாம் நிபந்தனையின்றி ஏற்கப்பட்டிருக்கிறார் என்ற நிச்சயம் அவருக்கு வந்தது. வாக்கை முதலிலே கொடுத்து, அதன் ஆழத்தைப் பிறகு கண்டவர் அவர். குழந்தைப் பருவத்திலே வாக்குப் பெற்று, நடுவயதிலே அதன் பொருளைத் தேடும் எமக்கு இது ஆறுதல் தரும் செய்தி.

திறந்திருந்த கதவு

1886 இலே அவர் அமெரிக்காவுக்குச் சென்றார். அவருடைய உறவினரான ஆனந்திபாய் ஜோஷி பிலடெல்பியாவிலே வைத்தியப் பட்டம் பெறும் வைபவத்துக்கே சென்றவர், இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அங்கே தங்க நேர்ந்தது. உயர்சாதி இந்துப் பெண்களின் நிலை பற்றி 1887 இலே ஆங்கில நூலொன்றை எழுதி வெளியிட்டார். ஊரூராகச் சென்று பேசினார். பொஸ்ரன் நகரிலே அமைந்த இரமாபாய் சங்கம், விதவைகளுக்கான பாடசாலைக்குப் பத்து ஆண்டுகள் உதவுவதாக வாக்களித்தது. அப்பாடசாலை எச்சமயத்தையும் சாராததாக இருக்கவேண்டுமென்பது உடன்பாடு.

1889 மார்ச் 11 ஆம் நாள் பம்பாயிலே சாரதா சதனம் திறக்கப்பட்டது. சாரதா என்பது கலைமகளின் பெயர். ஞானஸ்நானம் பெற்ற பெண், தாம் அமைத்த கல்விக்கூடத்துக்கு அப்பெயரைச் சூட்டினார். முதல் மாணவியருள் ஒருவரான கோதுபாய் இளவயதிலேயே விதவையானவர். பின்னர் கல்வியாளர் கார்வேயை மறுமணஞ் செய்து, அவருடைய பெண்கல்விப் பணிக்குத் துணையாக நின்றவர். அடுத்த ஆண்டு சதனம் பூனாவுக்கு மாறியது. பிராமணப் பிள்ளைகள் தம் ஆசாரப்படி உண்ணவும் வழிபடவும் அங்கே இடமிருந்தது. எவருக்கும் கிறிஸ்தவ சமயபாடம் நடத்தப்படவில்லை.

ஆனால் அம்மையார் தம் அறையிலே மகளோடு ஜெபிக்கும்போது கதவைச் சாத்துவதில்லை. தாயன்பைத் தேடிய பிள்ளைகள் சிலர் தாமாகவே வந்து அமரத் தொடங்கினர். 1893 இலே புயல் வீசியது. ஆலோசனைச் சபையிலிருந்த இரானடே, பண்டார்கர் போன்ற பெருமக்கள் விலகினர். பத்திரிகைகள் கண்டித்தன. இருபதுக்கு மேற்பட்ட மாணவியரைப் பெற்றோரும் பாதுகாவலரும் அழைத்துச் சென்றனர்.

இவ்விடத்திலே நாம் சற்று நிற்கவேண்டும். விலகியவர்கள் பெண்கல்வியின் பகைவர்களல்லர். அதற்காக ஊராரின் ஏச்சைச் சுமந்தவர்கள். ஒதுங்க இடமில்லாத சிறுமி தன்னை ஆதரித்தவரின் சமயத்தின்பால் ஈர்க்கப்படும்போது, அது முற்றிலும் அவளுடைய சுயவிருப்பமா என்ற அவர்களின் கேள்வி நியாயமானது. யாழ்ப்பாணத்திலும் இக்கேள்வி எழுந்தது. மிஷன் பாடசாலைகளில் கல்வியோடு மதமாற்றமும் நடப்பதைக் கண்டே ஆறுமுக நாவலர் 1848 இலே வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். எம் சைவச் சகோதரிகளின் பாட்டிமார் இக்கேள்வியோடுதான் மிஷன் பாடசாலைப் படியேறினர்.

அம்மையாரின் பக்கத்திலும் நியாயம் இருந்தது. இந்துப் பிள்ளைகள் வழிபடத் தாம் தடைசெய்யாததுபோல, தாம் தம் அறையிலே ஜெபிப்பதையும் எவரும் தடைசெய்தலாகாது. எவரையும் அழைக்கவுமில்லை, வருபவரை விரட்டவும் முடியாது என்றார். கதவை மூடியிருந்தால் ஆதரவாளர்கள் தங்கியிருப்பர். பணமும் பெயரும் நிலைத்திருக்கும். தம் ஞானஸ்நானத்தை ஒளித்துவைத்து நன்மை செய்ய அவர் இசையவில்லை. மடத்திலே ஞானத்தாயாரிடமும் பேராயர்களிடமும் வேண்டிய அதே சுதந்திரத்தையே பூனாவிலே சீர்திருத்தவாதிகளிடமும் வேண்டினார். அதற்கு விலையாக நண்பர்களை இழந்தார். இரு கரையாலும் தள்ளப்பட்டவருக்கு நடு ஆறே இருப்பிடமாயிற்று.

கேட்கான் வயல்வெளி

கீழ்ப்படிதல் என்ற மூன்றாம் வாக்கு அவருக்கு எங்கே நிறைவேறியது என்று கேட்டால், பூனாவுக்கு அப்பால் கேட்கான் என்ற சிற்றூரிலே என்போம். ஆதரவு வற்றும் நாளை எண்ணி, அங்கே ஏறத்தாழ நூறு ஏக்கர் நிலம் வாங்கிப் பழமரங்கள் நாட்டியிருந்தார். 1896 இலே மத்திய மாகாணங்களைப் பெரும் பஞ்சம் பீடித்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் தாய் தந்தையைப் பஞ்சத்துக்குப் பறிகொடுத்த அம்மையார், அச்செய்தியைக் கேட்டபின் ஓரிடத்திலே இருக்கமுடியாதவரானார். கையிலே பணம் போதாது. ஆயினும் பஞ்சம் பாதித்த ஊர்களுக்கு நேரிற் சென்றார். எலும்புந் தோலுமாய்க் கிடந்த சிறுமியரைத் தீயவர்கள் வலைபோட்டுத் தேடுவதையும் கண்டார். ஏறத்தாழ முந்நூறு பேரை அழைத்துவந்தார். அந்நேரம் பூனாவிலே கொள்ளைநோய் பரவியிருந்தது. நகருக்குள்ளே அத்தனை பேரை வைத்திருக்க இயலாமையால், கேட்கான் வயல்வெளியே அவர்களுக்குப் புகலிடமாயிற்று. அதுவே முக்தி. 1900 ஆம் ஆண்டுப் பஞ்சத்திலே குஜராத்திலிருந்தும் பெண்கள் வந்தனர். அங்கே இருந்தோரின் தொகை ஏறத்தாழ இரண்டாயிரமாயிற்று.

சாரதா சதனத்தைப் போலன்றி முக்தி வெளிப்படையாகவே கிறிஸ்தவ நிலையம். அங்கே கூடிய பெண்கள் சும்மா இருந்து உண்ணவில்லை. உழுதனர், நெய்தனர், எண்ணெய் ஆட்டினர், பசு வளர்த்தனர், அச்சுக் கோத்தனர். எழுத்தறிவு எல்லோருக்கும் உண்டு. பார்வையற்ற பெண்களுக்கெனத் தனிப்பகுதி இருந்தது. ஆண்களால் ஏமாற்றப்பட்ட பெண்களுக்குக் கிருபா சதனம் என்ற இல்லம் தனியே அமைந்தது. புல்ஹாமிலே கண்ட காட்சி கேட்கானிலே மறுபடி உருப்பெற்றது. சாதி பார்த்து எவரும் பிரிக்கப்படவில்லை. சாதிமுறையின் உச்சியிலே பிறந்தவர், பந்தி பிரிக்காத ஒரு குடும்பத்துக்குத் தாயானார்.

பிற்பகுதி வாழ்க்கையிலே அவர் இன்னொரு பணியையும் மேற்கொண்டார். அக்காலத்து மராத்தி வேதாகமத்தின் நடை சாதாரண பெண்ணுக்கு விளங்காதென்று கண்டு, எபிரேயமும் கிரேக்கமும் கற்று, எளிய மராத்தியிலே முழு வேதாகமத்தையும் மொழிபெயர்க்கத் தொடங்கினார். முக்தியின் பெண்களே அதனை அச்சிட்டனர். ஒருகாலத்திலே பெண் கற்கக்கூடாதென்ற வடமொழியை மனப்பாடமாக வைத்திருந்த பண்டிதை, ஏறக்குறைய கடைசிப் பதினைந்து ஆண்டுகளைக் கடினமான வடசொற்களை நீக்கி எளிய சொல் தேடுவதிலே கழித்தார். தாம் ஏறிவந்த ஏணியைப் பிறருக்காக இறக்கிவைத்த பணி அது.

வான்ரேஜிலே தாயோடு ஞானஸ்நானம் பெற்ற மனோரமா, இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கற்று, பம்பாய்ப் பல்கலைக்கழகப் பட்டதாரியாகி, தாயின் வலது கரமாக விளங்கினார். சிறுவயதிலே பிறர் தமக்காகக் கொடுத்த வாக்கை, வளர்ந்தபின் தம்முடையதாக்கிக்கொண்டார் என்று அவருடைய வாழ்க்கையைச் சொல்லலாம். 1921 யூலையிலே அவர் நாற்பது வயதிலே காலமானார். தமக்குப்பின் பணியை ஏற்பாரென நம்பியிருந்த ஒரே பிள்ளையைத் தாயார் அடக்கஞ் செய்தார். தொடர்ந்து மொழிபெயர்ப்பின் இறுதிப் பகுதியைத் திருத்தி முடித்தார். 1922 ஏப்பிரல் 5 ஆம் நாள், அறுபத்துநான்காவது பிறந்தநாளுக்குச் சில நாட்கள் இருக்கையிலே, கேட்கானிலே கண்மூடினார். முக்தி இன்றும் அங்கே இயங்கி வருகின்றது.

எமக்கு விட்டுச்சென்றது

அன்புச் சகோதரிகளே, எம்மில் எவரும் இரமாபாய் அம்மையாராகப் போவதில்லை. அவரைப்போல எல்லாவற்றையும் துறக்கவேண்டுமென்று சொல்லி எவரையும் வருத்தவும் நாம் எழுதவில்லை. அவருடைய வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்வது ஒன்றே. ஞானஸ்நானம் பெயர்ப் பதிவேட்டிலே முடிந்துபோகும் காரியமன்று. அவருக்கு 1883 இலே தொடங்கிய அது 1922 வரை நடந்துகொண்டேயிருந்தது. எதை விடுவது என்பதை நிதானித்து விட்டார். எதை நம்புவது என்பதைத் தேடி நம்பினார். யாருக்குக் கீழ்ப்படிவது என்பதைப் பசித்தவரின் முகத்திலே கண்டு கீழ்ப்படிந்தார்.

சைவச் சகோதரிகளுக்கும் இவ்வரலாற்றிலே பங்குண்டு. ஞானஸ்நானம் அவர்களுடையதன்று, ஆனால் கல்வி என்ற கடன் எம் எல்லோருக்கும் பொது. எமக்குக் கிடைத்த பாடசாலை இன்றும் கிடைக்காத பிள்ளைகள், போரிலே தாய் தந்தையை இழந்து வளர்ந்தவர்கள், கணவரை இழந்து குடும்பம் சுமக்கும் இளம் பெண்கள், எம் ஊர்களிலேயே இருக்கின்றார்கள். கொழும்பிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் உள்ள எம் கிளைகள் அவர்களுக்கு என்ன செய்யலாமென்று ஆலோசிக்கும் கூட்டங்களிலே, உதவி பெறுபவரின் சமயத்தையும் மானத்தையும் தொடாமல் உதவுவது எப்படி என்ற 1893 ஆம் ஆண்டின் கேள்வியும் மேசையிலே இருக்கட்டும்.

எம்மிற் பலர் இப்போது பாட்டிமார். பேரப்பிள்ளைகளின் ஞானஸ்நானத்துக்கு ஞானத்தாயாக நிற்கும்படி எம்மை அழைக்கின்றார்கள். பட்டுச் சேலை உடுத்து, தொட்டியருகே நின்று, குருவானவர் கேட்கும் மூன்று கேள்விகளுக்கும் அப்பிள்ளைக்காக விடை சொல்லப்போகின்றோம். அச்சொற்களை வீட்டிலே ஒருமுறை நிதானமாக வாசித்துவிட்டுப் போவோம். பிள்ளை வளர்ந்து ஒருநாள் ஐயத்தோடு எம்மிடம் வந்தால், சகோதரி ஜெரால்டினைப்போல அதன்மேல் அன்புவைப்போம். டொரத்தியா பீல் அம்மையாரைப்போல அதன் கேள்விக்கு இடங்கொடுப்போம்.